அறிவே வடிவான பிரம்மத்துக்கு அறியாமை எப்படி வந்தது?

கேள்வி இது: "அத்வைதத்தில் பிரம்மம் ஒன்றே உண்மை, அது அறிவே வடிவானது என்கிறார்கள். அப்படியானால் அறியாமை யாருக்கு? எங்கிருந்து வந்தது? 'நான் பிரம்மம்' என்று பத்து வருடமாகப் படிக்கிறேன், தினமும் நினைக்கிறேன். எனக்குள் எதுவும் மாறவில்லையே, ஏன்?"

இரண்டு கேள்விகள் போலத் தெரிந்தாலும் இவற்றின் வேர் ஒன்றுதான். அறியாமை என்ற சொல்லை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோமோ, அதை வைத்துத்தான் முதல் கேள்வியின் குழப்பமும் வருகிறது, இரண்டாவது கேள்வியின் ஏமாற்றமும் வருகிறது. அதனால் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

அன்றாடப் பேச்சில் அறியாமை என்றால் ஒரு தகவல் நம்மிடம் இல்லை என்று பொருள். எனக்கு வங்காள மொழி தெரியாது, கற்றுக்கொண்டால் தெரிந்துவிடும். காலிப் பானையை நிரப்புகிற மாதிரி. அத்வைதம் பேசுகிற அவித்யை வேறு வகை. சங்கரர், உபநிஷதக் கருத்துகளைச் சூத்திரங்களாகத் தொகுத்த பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுதும்போது, முதல் சூத்திரத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே ஒரு முன்னுரை எழுதினார். அத்யாச பாஷ்யம் என்று அதற்குப் பெயர். அத்யாசம் என்றால் ஒன்றின் மேல் இன்னொன்றை ஏற்றிவைப்பது. முன்பு எங்கோ கண்டது, நினைவின் சாயலாக, வேறொரு பொருளின் மேல் தோன்றுவது என்று அதற்கு இலக்கணம் சொல்லிவிட்டு, இதைத்தான் அறிஞர்கள் அவித்யை என்கிறார்கள், இரண்டையும் பிரித்துப் பார்த்துப் பொருளின் இயல்பை உறுதியாக அறிவதை வித்யை என்கிறார்கள் என்று முடிக்கிறார். ஆக, இந்த அறியாமைக்குள் ஏற்கெனவே ஒரு 'அறிவு' இருக்கிறது. தவறான அறிவு.

கயிற்றைப் பாம்பு என்று பார்த்துப் பயப்படுகிற உதாரணம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை அவசரமாகக் கடந்துவிடுகிறோம். முழு இருட்டில் யாருக்கும் பாம்பு தெரியாது. நல்ல வெளிச்சத்திலும் தெரியாது. அரை இருட்டில்தான் தெரியும். ஏன்? 'இதோ, ஏதோ ஒன்று கிடக்கிறது' என்ற வரைக்கும் தெரிந்திருக்க வேண்டும். 'கயிறு' என்ற பகுதி மட்டும் மறைந்திருக்க வேண்டும். அப்போதுதான் மனம் அந்த இடத்தில் பாம்பை வைக்க முடியும். பொதுவாகத் தெரிவது, சிறப்பாகத் தெரியாதது, இரண்டும் சேர்ந்தால்தான் மயக்கம். பின்னால் வந்தவர்கள் இந்த மறைப்பை ஆவரணம் என்றும், அதன் மேல் வேறொன்று எழுவதை விட்சேபம் என்றும் பிரித்தார்கள்.

இதை நம்மீது வைத்துப் பாருங்கள். 'நான் இருக்கிறேனா இல்லையா' என்று சந்தேகப்பட்டவர் எவரும் இல்லை. அந்த வரைக்கும் ஆத்மா எல்லோருக்கும் தெரிந்ததுதான், சங்கரரே அப்படிச் சொல்கிறார். எப்படிப்பட்டவன் என்பதில்தான் கோளாறு. உடம்பின் குணத்தை ஏற்றி 'நான் தடித்துவிட்டேன், இளைத்துவிட்டேன்' என்கிறோம். கண் காது இவற்றின் குறையை ஏற்றி 'நான் குருடன், செவிடன்' என்கிறோம். மனதின் ஆசையையும் சந்தேகத்தையும் ஏற்றி 'நான் இப்படிப்பட்டவன்' என்கிறோம். சங்கரர் இதோடு நிற்கவில்லை. மனைவி மக்கள் நன்றாக இருந்தால் நானே நன்றாக இருக்கிறேன், அவர்களுக்கு ஒரு குறை வந்தால் எனக்கே குறை என்று வெளியே உள்ளதையும் ஏற்றிக்கொள்கிறோம் என்கிறார். பிள்ளை தேர்வில் தோற்ற அன்று அப்பாவின் முகத்தைப் பார்த்திருந்தால் இதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

தமிழில் இந்தச் சிந்தனைக்கு மிக நெருக்கமான வரி குறளில் இருக்கிறது. மெய்யுணர்தல் அதிகாரத்தின் முதல் குறள், பொருள் அல்லாதவற்றைப் பொருள் என்று உணரும் மருளால் பிறவி வருகிறது என்கிறது. அதற்கு உரை எழுதும்போது பரிமேலழகர் குற்றியை மகன் என்று துணிவதையும் இப்பியை வெள்ளி என்று துணிவதையும் காட்டுகிறார். குற்றி என்றால் மரக்கட்டை, மகன் என்றால் ஆள், இப்பி என்றால் சிப்பி. இரண்டும் சமஸ்கிருத தத்துவ நூல்களில் புழங்கும் அதே உதாரணங்கள். வள்ளுவர் அத்வைதி என்று நான் சொல்ல வரவில்லை. அப்படி இழுப்பது சரியும் இல்லை. தெரியாமை வேறு, ஒன்றை இன்னொன்றாகத் தெரிந்துகொள்ளும் மருள் வேறு என்ற பாகுபாடு நம் மொழியில் நன்றாக வேரூன்றிய ஒன்று என்பதற்காகச் சொல்கிறேன்.

படிப்பு இந்த மருளை நீக்குமா? இந்த இடத்தில் சங்கரர் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறார். கையில் தடியோடு ஒருவன் வந்தால் மாடு விலகி ஓடும். கை நிறையப் பசும்புல்லோடு வந்தால் அவனை நோக்கி வரும். கற்றறிந்தவர்களும் வாளோடு வருபவனிடமிருந்து விலகுகிறார்கள், இதமாக வருபவனிடம் போகிறார்கள். இந்த அளவில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்கிறார். சாஸ்திரம் உட்பட எல்லாப் பிரமாணங்களும், அதாவது அறிவைத் தரும் கருவிகளும், இந்த 'நான் இந்த உடம்பு' என்ற மயக்கத்தை வைத்துக்கொண்டுதான் இயங்குகின்றன என்று ஒரு வேதாந்தி எழுதுவதற்கு நிறைய நேர்மை வேண்டும். உபநிஷதங்களிலும் இதே துணிவு உண்டு. முண்டகத்தில் சௌனகர் 'எதை அறிந்தால் எல்லாம் அறிந்ததாகும்' என்று கேட்கிறார். அங்கிரஸ் அறிவை இரண்டாகப் பிரித்து, நான்கு வேதங்களையும் இலக்கணத்தையும் சோதிடத்தையும் கீழான வித்யையில் வைக்கிறார். சாந்தோக்கியத்தில் நாரதர் சனத்குமாரரிடம் தான் கற்றதையெல்லாம் நீளமாகப் பட்டியல் போட்டுவிட்டு, 'இத்தனையும் படித்தும் நான் மந்திரம் தெரிந்தவன்தான், ஆத்மாவைத் தெரிந்தவன் இல்லை, துக்கப்படுகிறேன்' என்கிறார். உங்கள் பத்து வருடத்துக்கு நாரதரே துணை.

சரி, யாருக்கு இந்த அறியாமை?

சங்கரர் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொள்கிறார். பிரம்ம சூத்திர பாஷ்யத்தில், நான்காம் அத்தியாயத்தின் தொடக்கத்தில், 'அப்படியானால் விழிப்பில்லாமை யாருக்கு?' என்று எதிராளி கேட்கிறான். 'கேட்கிறாயே, உனக்குத்தான்' என்பது பதில். 'நானே ஈசுவரன் என்று சுருதி சொல்கிறதே' என்று அவன் மடக்கினால், 'அதை உணர்ந்துவிட்டாய் என்றால் அறியாமை எவருக்கும் இல்லை' என்கிறார். முதலில் படித்தபோது இது கேள்வியைத் தட்டிக்கழிப்பது போல எனக்குத் தோன்றியது. கீதையின் பதின்மூன்றாம் அத்தியாய உரையில் அவர் இதையே விரிக்கும் இடத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது. அவித்யை தென்படுகிறது என்றால் அது யாரிடம் தென்படுகிறதோ அவரும் கூடவே தென்பட்டாக வேண்டும். மாட்டையும் மாட்டுக்காரரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு 'மாடு யாருடையது' என்று கேட்பதில் பொருள் இல்லை என்று அங்கே வாதிடுகிறார். கேள்வியைத் தத்துவ மேடையிலிருந்து இறக்கி, கேட்பவர் மடியில் வைத்துவிடுகிறார். 'எனக்குத் தெரியவில்லை' என்று ஒருவர் சொல்கிறபோது அந்தத் தெரியாமையே அவருக்குத் தெரிந்துதானே சொல்கிறார்? அதைத் தெரிந்துகொண்டிருப்பது எது என்று திரும்பிப் பார்க்கச் சொல்வதுதான் அந்தப் பதிலின் வேலை. 1928இல் ரமணர் தமிழில் இயற்றிய உள்ளது நாற்பதில் இதே வழி இன்னும் சுருக்கமாக வருகிறது. அறியாமை இல்லாமல் அறிவு இல்லை, அறிவு இல்லாமல் அறியாமை இல்லை; இரண்டும் யாருக்கு என்று விசாரித்து, அவற்றுக்கு முதலாகிய தன்னை அறிவதே அறிவு என்கிறார் அவர்.

சங்கரருக்குப் பின்னால் வந்தவர்கள் இதை அப்படியே விட்டுவிடவில்லை. வாசஸ்பதி மிஸ்ரரின் பாமதி வழியில், அறியாமை இருக்கும் இடம் ஜீவன், அதாவது தனி உயிர்; அது மறைக்கும் பொருள் பிரம்மம். ஜீவன் என்பதே அறியாமையால் வந்தது, அப்புறம் எப்படி அது அறியாமைக்கு இடம் கொடுக்கும் என்று கேட்டால், விதையும் முளையும் போல இரண்டும் அநாதி, தொடக்கம் இல்லாதவை என்பார்கள். பிரகாசாத்மனின் விவரண வழியில், இடமும் பொருளும் இரண்டுமே பிரம்மம்தான். ஒரு அறையில் இருக்கும் இருட்டு அந்த அறையையே மறைப்பது போல. எனக்கு விவரணத்தின் விடைதான் நேர்மையாகப் படுகிறது. பிரம்மத்தைத் தவிர உண்மையில் வேறெதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு, அறியாமைக்கு மட்டும் வேறு இடம் தேடுவது எங்கோ இடிக்கிறது. பாமதியைப் படித்து வளர்ந்தவர்கள் இதை ஒப்ப மாட்டார்கள் என்பதும் தெரியும்.

அத்வைதத்தை மறுத்த இராமானுஜர், பிரம்ம சூத்திரத்துக்குத் தாம் எழுதிய உரையான ஸ்ரீபாஷ்யத்தில் அவித்யைக் கொள்கையின் மேல் ஏழு தடைகளை வைத்தார். அவற்றில் கூர்மையானது மறைப்பைப் பற்றியது. பிரம்மம் ஒளியே வடிவானது என்றால், அதை மறைப்பது என்பது அந்த ஒளியை அழிப்பதுதான். ஒளியே வடிவான ஒன்றின் ஒளி அழிந்தால் பொருளே அழிந்தது என்று ஆகும். இது லேசான கேள்வி இல்லை. அத்வைதிகள் சொல்லும் சமாதானம், மேகம் சூரியனை மறைப்பதில்லை, நம் பார்வையை மறைக்கிறது. மறைந்தது சூரியன் என்று நாம்தான் சொல்கிறோம் என்பது. அந்த மேகமும் சூரிய வெளிச்சத்தால்தானே தெரிகிறது என்றும் கூட்டிச் சொல்வார்கள்.

உங்கள் முதல் கேள்வியின் முடிச்சு அவிழும் இடமும் அதுதான். அறிவு என்ற சொல் அத்வைதத்தில் இரண்டு பொருளில் வருகிறது. ஒன்று ஸ்வரூப ஞானம், அதாவது பிரம்மத்தின் இயல்பான சைதன்யம், உணர்வொளி. இன்னொன்று விருத்தி ஞானம், மனதில் எழும் ஒரு குறிப்பிட்ட அறிதல். முதலாவது அறியாமைக்குப் பகை இல்லை. அறியாமையையும் சேர்த்து விளக்கிக் காட்டுவது அதுதான். நன்றாகத் தூங்கி எழுந்தவர் 'சுகமாகத் தூங்கினேன், ஒன்றுமே தெரியவில்லை' என்கிறார். அந்த 'ஒன்றும் தெரியவில்லை' என்பதை அப்போது யார் கண்டது? மனம் ஒடுங்கியிருந்தது. ஆனாலும் அந்தத் தெரியாமை ஒரு அனுபவமாகப் பதிந்திருக்கிறது. ஆகவே தூக்கத்தில் அறிவும் அறியாமையும் சண்டையில்லாமல் ஒன்றாக இருந்திருக்கின்றன என்று அத்வைதம் வாதிடுகிறது. அறியாமையை அழிப்பது இரண்டாவது வகை அறிவுதான். பஞ்சின் மேல் நாள் முழுக்க வெயில் விழுந்தாலும் அது எரியாது. அதே வெயில் சூரியகாந்தக் கல் வழியாகக் குவிந்து விழுந்தால் எரியும். இன்று நாம் பூதக்கண்ணாடி என்போம். பிரம்மம் எப்போதும் இருக்கிறது என்பதால் மட்டும் யாரும் விடுதலை அடைந்ததில்லை. அது மனதில் ஒரு தெளிவாகக் குவிய வேண்டும்.

'எங்கிருந்து வந்தது, எப்போது வந்தது?' என்பதற்கு அநாதி என்று பதில் சொல்கிறார்கள். கேட்டதும் ஏமாற்றமாக இருக்கும். எனக்கு வங்காளம் தெரியாது என்றேனே, அந்தத் தெரியாமை எந்தத் தேதியில் தொடங்கியது? தேதி கிடையாது. ஆனால் நாளைக்கு நான் கற்றுக்கொண்டால் அதற்கு முடிவுத் தேதி உண்டு. தொடக்கம் இல்லாமல் முடிவு மட்டும் இருக்கும் பொருளுக்கு இதைவிட எளிய உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த முடிவு எதனால் வருகிறது என்பதில் சைவ சித்தாந்தம் அத்வைதத்தோடு முரண்படுகிறது. தமிழ் வாசகர்கள் பலர் இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவதால் இதைச் சொல்லத் தோன்றுகிறது. சித்தாந்தத்தில் உயிரின் அறிவை மறைக்கும் அழுக்கான ஆணவ மலம் உண்மையான ஒரு பொருள். செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல உயிரோடு அநாதியாக ஒட்டியிருப்பது. கண்ணில் படலம் விழுந்தவருக்கு 'இது படலம்' என்று தெரிந்துவிட்டால் மட்டும் பார்வை வராது; வைத்தியர் கை வைக்க வேண்டும். அந்தக் கை சிவனருள். அத்வைதத்தில் அவித்யை அப்படி ஒரு பொருள் இல்லை. பாம்பு பொய், அதை அடித்துத் துரத்த வேண்டியதில்லை, விளக்கைக் கொண்டுவந்தால் போதும். அதே நேரத்தில் முயற்கொம்பு போல அடியோடு இல்லாததும் இல்லை, ஏனென்றால் தோன்றியது, பயமுறுத்தியது. உள்ளது என்றும் இல்லது என்றும் சொல்ல முடியாத இந்த நிலையை அநிர்வசனீயம் என்கிறார்கள். உங்கள் அறியாமையைக் களிம்பு என்று நினைக்கிறீர்களா, கயிற்றரவு என்று நினைக்கிறீர்களா என்பதைப் பொறுத்து, செய்ய வேண்டிய காரியமே மாறிவிடுகிறது.

இனி உங்கள் பத்து வருடம். 'தினமும் நினைக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லில்தான் எனக்குக் கண் நிற்கிறது. சங்கரர் நினைப்பதற்கும் அறிவதற்கும் நடுவே ஒரு கோடு போடுகிறார். நினைப்பது என் விருப்பத்தைச் சார்ந்தது. செய்யலாம், செய்யாமல் இருக்கலாம், வேறு மாதிரியும் செய்யலாம். உபநிஷதத்தில் 'ஆண்மகனை அக்கினியாக நினை' என்று ஒரு தியானம் வருகிறது. அது விதித்ததால் செய்வது. எதிரில் எரிகிற நெருப்பை நெருப்பு என்று அறிவது அப்படி இல்லை. அது நெருப்பைச் சார்ந்தது. கண் திறந்திருந்தால் வேறு மாதிரி அறிய நான் விரும்பினாலும் முடியாது. 'நான் பிரம்மம், நான் பிரம்மம்' என்று பத்து வருடம் நினைப்பது, பாம்பின் முன்னால் நின்றுகொண்டு 'இது கயிறு, இது கயிறு' என்று சொல்லிக்கொள்வதற்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. பாம்பு பயம் உள்ளே அப்படியே இருக்கும். கயிறு ஏன் பாம்பாகத் தெரிகிறது என்று கிட்டே போய்ப் பார்ப்பதைத்தான் விசாரம் என்கிறார்கள்.

பத்துப் பேர் கதை தெரிந்திருக்கும். ஆற்றைக் கடந்த பத்துப் பேரில் ஒருவன் எண்ணிப் பார்க்கிறான், ஒன்பதுதான் வருகிறது. தன்னை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறான். பத்தாமவன் போய்விட்டான் என்று அழுகிறார்கள். வழிப்போக்கர் ஒருவர் 'பத்தாமவன் இருக்கிறான்' என்கிறார். பிறகு 'நீதான் அந்தப் பத்தாமவன்' என்கிறார். வித்யாரண்யர் பஞ்சதசியில் இதை ஏழு படிகளாகப் பிரிக்கிறார்: அறியாமை, மறைப்பு, மயக்கமும் அழுகையும், 'இருக்கிறான்' என்ற மறைமுக அறிவு, 'நானே' என்ற நேரடி அறிவு, துக்கம் நீங்குதல், நிறைவு. கதையில் எனக்குப் பிடித்த இடம், 'பத்தாமவன் இருக்கிறான்' என்ற நான்காவது படியிலேயே பாதி அழுகை நின்றுவிடுவது. யாரோ விவரம் தெரிந்தவர் சொல்கிறார் என்ற நம்பிக்கை அந்த அளவுக்கு வேலை செய்கிறது. நம்மில் நிறையப் பேர், நான் உட்பட, வருடக்கணக்கில் அந்தப் படியில்தான் இருக்கிறோம். அது தோல்வி இல்லை, இடைப்படி.

கதையில் இன்னொன்றும் உண்டு. பத்தாமவன் புதிதாக வரவில்லை. ஒரு வாக்கியம்தான் அவனைக் காட்டியது. அதனால்தான் விவரண வழி, 'நீ அது' என்ற மகாவாக்கியமே நேரடி அறிவைத் தரும் என்கிறது. பாமதி வழி, தியானத்தால் பண்பட்ட மனமே அதற்குக் கருவி என்கிறது. நடைமுறையில் இருவரும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல் என்ற மூன்றையும் விடுவதில்லை. கேட்டும் பிடிபடவில்லை என்றால் இரண்டில் ஒன்று தடுக்கிறது. 'இது எப்படிச் சாத்தியம்' என்ற சந்தேகம் ஒன்று. அதைச் சிந்தனைதான் தீர்க்கும், நம்பிக்கை போதாது. அல்லது, சந்தேகம் எதுவும் இல்லாமலே பழைய பழக்கத்தால் 'நான் உடம்பு' என்று மனம் திரும்பத் திரும்பச் சாய்வது. அதற்குத் தொடர்ந்து நிலைத்திருக்கும் பயிற்சி வேண்டும். இதில் உங்களுடையது எது என்று நீங்கள்தான் பார்க்க முடியும். இரண்டாவதுக்கான மருந்தை முதலாவதுக்குச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பத்து வருடம் அப்படியே போகும்.

'எதுவும் மாறவில்லை' என்கிறீர்களே, என்ன மாற வேண்டும் என்று எதிர்பார்த்தீர்கள்? உலகம் மறைந்துவிடும் என்றா? கயிற்றுப் பாம்பு அறிந்த உடனே போய்விடும். கானல் நீர் அப்படி இல்லை. கோடையில் நெடுஞ்சாலையில் போகும்போது தூரத்தில் தண்ணீர் பளபளக்கும். தண்ணீர் இல்லை என்று தெரிந்த பிறகும் பளபளக்கும். குடத்தை எடுத்துக்கொண்டு யாரும் போகமாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அறிவுக்குப் பிறகு உலகமும் உடம்பும் தொடர்ந்து தெரிவதற்கு இரண்டாவது உதாரணத்தைத்தான் ஆசிரியர்கள் எடுப்பார்கள். பசி இருக்கும், மூட்டுவலி இருக்கும்.

அப்புறம், அறியாமையைப் போக்கிய அந்த அறிவு என்ன ஆகும் என்று ஒருவர் கேட்கலாம். இரண்டாவது பொருளாக அது மிஞ்சி நிற்குமே? சங்கரர் பெயரில் வழங்கும் ஆத்மபோதத்தில் இதற்குத் தேற்றாங்கொட்டையைச் சொல்லியிருக்கிறது. கலங்கிய தண்ணீரைத் தெளிவிக்க அந்தக் கொட்டையைப் பானையின் உள்பக்கம் தேய்த்துவிடுவார்கள். அழுக்கைச் சேர்த்துக்கொண்டு அடியில் படியும்போது கொட்டையின் துகளும் சேர்ந்தே படிந்துவிடும். மேலே தண்ணீர் மட்டும் இருக்கும். குரு, நூல், 'நான் பிரம்மம்' என்ற அந்த எண்ணம், எல்லாம் அந்தத் துகள் கணக்குத்தான். பொய்யான சாஸ்திரம் மெய்யான அறிவை எப்படித் தரும் என்ற ஆட்சேபத்துக்கும் பதில் உண்டு. கனவில் சிங்கத்தைப் பார்த்த யானை நிஜமாகவே விழித்துக்கொள்கிறது.

தமிழிலேயே முறையாகப் படிக்க விரும்பினால் நன்னிலம் தாண்டவராய சுவாமிகளின் கைவல்ய நவநீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குருவும் சீடனும் பேசிக்கொள்ளும் பாட்டுகள். தத்துவ விளக்கப் படலம், சந்தேகம் தெளிதல் படலம் என்று இரண்டு பகுதி. பத்தாமவன் கதையும் ஏழு படிகளும் அதிலும் வருகின்றன. உங்களுக்கு ஏற்கெனவே அடிப்படை இருப்பதால் இரண்டாவது படலத்தில் நேரம் செலவிடலாம்; நீங்கள் கேட்டதைப் போன்ற கேள்விகளைத்தான் அந்தச் சீடனும் கேட்கிறான். முடிந்தால் இதைப் பாடம் கேட்ட ஒருவரோடு சேர்ந்து, நாளைக்கு ஒரு பாட்டு என்ற அளவில் படியுங்கள்.